குதிரை பார்க்காமல் திரும்பிய நெடுந்தீவுப் பயணம்

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் அலுவலகத்திலிருந்து ஏழு பேர் நெடுந்தீவுக்குப் போய் வந்தோம். குழுவாக ஒருநாள் பயணம் போக நினைக்கிறவர்களுக்கும், முக்கியமாக அலுவலகக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய் விளையாட்டு நடத்த நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரங்களை அப்போதைக்கப்போது கைப்பேசியில் குறித்து வைத்தேன். விலைகள் நாங்கள் போன நாளின் விலைகள்.

முதலில், ஏன் போனோம் என்பதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழு வெளிநாட்டுப் பல் வைத்தியசாலைகளுக்காக ஒரு முன்பதிவுச் செயலி செய்கிறது. மொத்தம் பன்னிரண்டு திரைகள். கொடுத்த தேதி இரண்டு முறை தப்பிவிட்டது. இனி ஒரு தேதிதான் கேட்பேன், அதுவும் தப்பினால் வேறு இடம் பார்ப்பேன் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அவர் போனால் எங்கள் ஏழு பேருக்கும் அங்கே வேறு வேலை கிடையாது. திங்கட்கிழமை காலை 9.30 மணி அழைப்பில் எங்கள் குழுத் தலைவர் குகன் அண்ணை பதில் சொல்லவேண்டும். ஜூன் முடிவுக்குள் பன்னிரண்டும் முடியும் என்று சொல்லப்போவதாக வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர் அறிவித்தார். முடியுமா என்று கேட்டார். ஒவ்வொருவராக "ஓம் அண்ணை" என்றோம். நானும் சொன்னேன்.

நான் பரிசோதகர். மற்றவர்கள் செய்வதில் பிழை பிடிப்பதுதான் என் வேலை. பன்னிரண்டில் ஐந்து திரைகள்தான் ஜூனுக்குள் தேறும் என்பது என் மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இந்த நேரத்தில் பயணம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் முகாமையாளருக்கு ஏஜைல் முறையில் பெரிய நம்பிக்கை. வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்வது, ஒவ்வொரு துண்டையும் காட்டித் திருத்துவது, முடியாததை நேரத்தோடு சொல்வது, இவ்வளவுதான் அந்த முறை. அதைப் பாடமாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்பதால் குழு விளையாட்டுகளாக நடத்துவார்கள். இதற்கான இணைய வகுப்பைச் செய்தவள் நான் ஒருத்திதான். "கௌசி, நீரே நடத்தும். இஞ்சை அறைக்குள்ளை வேண்டாம், வெளியிலை கூட்டிக்கொண்டு போம்" என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். பட்டமளிப்பு மேடையில் ஏறியபோதும் ஒரு வார்த்தை பேசவேண்டி வரவில்லை. இப்போது ஆறு பேரை நிறுத்தி வைத்து விளையாட்டு நடத்தவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே தைரியம் முன்கூட்டியே பார்த்து வைப்பது. அதனால் முந்திய சனிக்கிழமை தனியாக ஒருமுறை போனேன். என் ஊர் சுருவில். நெடுந்தீவுக்குப் படகு ஏறும் துறை எங்கள் ஊரிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். இருந்தும் இருபத்தைந்து வயதுவரை நான் அங்கே போனதில்லை. தீவில் பிக்கப் ஓட்டும் செல்வம் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன். தனியாக ஒரு பெண்பிள்ளை வருகிறது என்று தன் மனைவியையும் முன்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த அக்கா வழி முழுக்க வீடு, வேலை, கலியாணம் என்று என்னிடம் விடுப்புக் கேட்க, நான் ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொண்டே போனேன்.

இனி அந்த நாள். மற்ற ஐந்து பேரும் காலை 6.15க்கு யாழ்ப்பாணத்தில் வாடகை வான் வண்டியில் ஏறினார்கள். பண்ணைப் பாலம் கடந்து வேலணை வங்களாவடிச் சந்திக்கு 6.45க்கு வந்தார்கள். அங்கே நானும் ஜெனிற்றாவும் ஏறிக்கொண்டோம். ஜெனிற்றா ஊர்காவற்றுறைக்காரி. வீட்டில் எல்லோரும் கடல் தொழில், அவள் மட்டும் நிரல் எழுதுகிறாள். வாயும் கையும் சமமான வேகம். நாள் முழுவதற்கும் வான் வாடகை 14,000 ரூபா. புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. குறிகட்டுவான் துறைக்கு 7.25க்கு வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வானின் மீற்றரில் 34 கிலோமீற்றர் காட்டியது.

எட்டு மணிப் படகுக்குச் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து படகுவரை ஆட்கள் வரிசையாக நின்று பாண் பெட்டி, வெங்காய மூட்டை, எரிவாயுச் சிலிண்டர் எல்லாவற்றையும் கைமாற்றினார்கள். நான் கிட்டப் போய் நின்று பார்த்தேன். நடுவில் நின்ற ஒருவர் மேலே நின்ற நரைத்தலைக்காரரைப் பார்த்து, "அண்ணை, உங்கட அவசரத்துக்கு என்ரை கை கழண்டு போம். மெதுவாத் தாங்கோ" என்றார். நரைத்தலைக்காரர் வேகத்தைக் குறைத்தார். வரிசை நிற்கவேயில்லை. இதை ஏனோ கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

படகுக் கட்டணம் ஆளுக்கு 200 ரூபா. உள்ளே வெக்கை, டீசல் மணம். தலைசுற்றல் உள்ளவர்கள் பின்பக்கமாக இருங்கள். எங்கள் குழுவின் பகிடிக்காரன் சுதர்சன், படகு வெளிக்கிட்டதும் ஓட்டியிடம் போய், "அண்ணை, எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம்?" என்று கேட்டான்.

"ஏறியாச்சுத்தானே தம்பி. இருங்கோ" என்றார் அவர்.

ஜெனிற்றா அவனை இழுத்து இருத்தினாள். "கடலிலை வைச்சு ஆளிட்டை நேரம் கேக்கிறதே? எங்கட அப்பா வலைக்கு வெளிக்கிட்டா, எப்ப வருவியள் எண்டு அம்மா ஒருநாளும் கேளா. வள்ளம் கண்ணிலை பட்டாப் பிறகுதான் உலை வைப்பா."

குகன் அண்ணை சிரித்தார். "திங்கட்கிழமை நானும் உப்பிடிச் சொல்லட்டோ? ஏறியாச்சுத்தானே, இருங்கோ எண்டு."

எல்லோரும் சிரித்தோம்.

9.05க்கு நெடுந்தீவு. செல்வம் அண்ணையின் பிக்கப் காத்துநின்றது. நாள் வாடகை 6,000 ரூபா, பின்னால் பலகை போட்டு ஏழு பேர் தாராளமாக இருக்கலாம். துறைக்குக் கிட்டவே பழைய ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு இருக்கிறது. சுண்ணக்கல் தூணில் நூறு பொந்து வைத்த மாதிரி. அதற்குப் பக்கத்து மரநிழலில் விளையாட்டைத் தொடங்குவது என் திட்டம்.

விளையாட்டு இதுதான். ஆறு பேரும் வட்டமாக நிற்கவேண்டும். பந்து எல்லோர் கையையும் தொட்டு, தொடங்கியவரிடமே திரும்பி வரவேண்டும். கைக்குக் கை கொடுக்கக்கூடாது, எறியவேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு எறியக்கூடாது. இரண்டு நிமிடத்தில் எத்தனை பந்து சுற்றி வருகிறது என்று எண்ணவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் எத்தனை வரும் என்று குழு ஊகிக்கவேண்டும், முடிந்ததும் ஒரு நிமிடம் கதைத்து முறையை மாற்றலாம். நான் எண்ணுவேன்.

இங்கே என் முதல் பிழை. கொண்டுபோனது பாரமில்லாத பிளாஸ்ரிக் பந்துகள். முதல் பந்தைத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தூக்கி, கல்மதிலுக்கு அப்பால் மேய்ந்த மாடுகளுக்குள் போட்டது. ஜெனிற்றா எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போய் இருபது தேசிக்காயோடு, அதாவது எலுமிச்சங்காயோடு, வந்தாள். "திருப்பித் தரவேணுமாம். மத்தியானம் மீனுக்குப் புளி விடுறதுக்கு."

முதல் சுற்று. எத்தனை வரும் என்று கேட்டேன். ஐந்து பேரும் குகன் அண்ணையைப் பார்த்தார்கள். "அறுவது" என்றார். அறுபது என்றார்கள். வந்தது பதினேழு.

ஒரு நிமிடம் கதைக்கக் கொடுத்தேன். "காத்து" என்றான் சுதர்சன். "ஓம், காத்துத்தான்" என்றார்கள். மிச்ச ஐம்பது விநாடியும் மாடு பார்த்தோம். இரண்டாம் சுற்றுக்கு அண்ணை "நாப்பத்தஞ்சு" என்றார். நாற்பத்தைந்து என்றார்கள். வந்தது பத்தொன்பது.

வெளியில் நின்று எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் காரணம் தெரிந்தது. காற்று தேசிக்காயை ஒன்றும் செய்யவில்லை. குகன் அண்ணை வலக்கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இடக்கையால் மட்டும் பிடித்தார். வாடிக்கையாளர் எந்த நேரமும் அழைப்பு எடுக்கலாம் என்ற பயம் அவருக்கு. விழுந்த தேசிக்காயில் முக்கால்வாசி அவர் காலடியில்தான் கிடந்தது. அவருக்கு எறிகிறவர்கள் அவர் கை விரியும்வரை பிடித்துவைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாயால் சொல்ல எனக்கும் ஏலவில்லை. பையில் வேறு விளையாட்டுக்காக வெட்டிய வெற்று அட்டைகள் இருந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்து, "எது எங்களை மெதுவாக்குது? பேர் எழுத வேண்டாம்" என்றேன். திருப்பி வாங்கிக் கலக்கி, ஒவ்வொன்றாக வாசித்தேன். முதலாவதில் "காற்று". இரண்டாவதில் "அண்ணையின் ஃபோன்". மூன்றாவதில் "ஃபோன்". நான்காவதில் எழுத்தே இல்லை, ஒரு கைப்பேசியின் படம். ஐந்தாவதில் "ஒரு கை". என் குரல் ஒவ்வோர் அட்டைக்கும் இறங்கிக்கொண்டே போனது. ஆறாவதில் "தெரியவில்லை" என்று குகன் அண்ணையின் கையெழுத்து.

அவர் தன் வலக்கையைப் பார்த்தார். "உதை அப்பவே வாயாலை சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னா, ஒரு ஃபோன் கோல் எடுத்துட்டு வாறன் எண்டு அங்காலை போயிருப்பியள்" என்றான் சுதர்சன். "பேந்து ஐஞ்சு பேரோடைதான் விளையாடவேணும்."

கைப்பேசி ஜெனிற்றாவின் பைக்குள் போனது. மூன்றாம் சுற்றில் நாற்பத்தொன்று.

அப்போது மணி 10.10. படகில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் வந்து, வழக்கமான 2.30 படகு இன்றைக்கு 12.30க்கே வெளிக்கிடும், பின்னேரம் காற்று கூடப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மே முதல் ஓகஸ்ட்வரை இது நடக்கக்கூடியதுதான். போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகை விட்டால் அன்றைக்கு வேறு படகு நிச்சயமில்லை.

நாங்கள் பார்க்க நினைத்தவை ஆறு. தீவின் காட்டுக் குதிரைகள், கோட்டை, பெருக்கமரம் என்கிற பெரிய பாவோபாப் மரம், பாறையில் பதிந்த பெரிய பாதச் சுவடு, கடற்கரை, பக்கத்தில் நின்ற புறாக்கூடு. குகன் அண்ணை பிக்கப்பில் ஏறிக்கொண்டே சொன்னார். "குதிரைக்கு இருவது நிமிசம். மிச்சத்துக்குப் பத்துப் பத்து. எல்லாம் பாக்கலாம். ஏறுங்கோ." அவருடைய மகளுக்குக் குதிரைப் படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் "ஓம் அண்ணை" என்று ஏறத் தொடங்கினார்கள்.

அட்டைகளை நீட்டினேன். "அண்ணை, ஒரு நிமிசம். குதிரைக்குப் போக எவ்வளவு நேரம் எண்டு எல்லாரும் எழுதுங்கோ. ஒரேயடியாத் திருப்புவம்." இந்தமுறை நானும் எழுதினேன். திருப்பினோம். இருபது, முப்பது, நாற்பது, நாற்பது, முப்பது, ஐம்பது. என்னுடையதில் முப்பத்தைந்து.

"இதென்ன முப்பத்தைஞ்சு? அளந்து பாத்த மாதிரி?" என்றார் குகன் அண்ணை.

"ஓம் அண்ணை. போன கிழமை வந்து பாத்தனான். றோட்டு சரியில்லை. போக முப்பத்தைஞ்சு, வர முப்பத்தைஞ்சு."

செல்வம் அண்ணை முன்னாலிருந்து தலையை நீட்டி, "பிள்ளை சொல்லுறது சரி" என்றார்.

"அப்ப நான் இருவது எண்டேக்கை ஏன் நீர் சொல்லேல்லை?"

"நீங்கள் இருவது எண்டு சொல்லிப்போட்டியள்."

ஜெனிற்றாதான் கணக்குப் போட்டாள். "குதிரைக்குப் போனா அதோடை சரி. குதிரையை விட்டா மிச்சம் ஐஞ்சும் பாக்கலாம், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போகலாம்." அண்ணை மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "விடுவம்" என்றார்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் குதிரை இல்லை. நெடுந்தீவு பற்றி எழுதுகிற எல்லோரும் குதிரைப் படம் போடுவார்கள். என்னிடம் பெருக்கமரம் இருக்கிறது. அதன் அடிமரப் பொந்துக்குள் நாங்கள் ஏழு பேரும் புகுந்து நின்று எடுத்த படம், சுதர்சனின் முழங்கை மட்டும் வெளியே. கோட்டையில் பவளப்பாறைச் சுவர்களைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் மூளை மாதிரி மடிப்பு. கடலில் உயிரோடு இருந்த ஒன்றைக் கொண்டுவந்து யார் முதலில் சுவர் கட்ட நினைத்தார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்க ஆள் இல்லை. பாதச் சுவட்டில் ஜெனிற்றா தன் செருப்பை வைத்து அளந்தாள், மூன்றரைச் செருப்பு. கடற்கரையில் பத்து நிமிடம் சும்மா நின்றோம். அவசரம் இல்லாமல் ஐந்தும் முடிந்தது. 12.15க்குத் துறை. தேசிக்காயைத் திருப்பிக் கொடுத்து, ஆளுக்கு 700 ரூபாவுக்கு மீன் சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டோம். இரண்டு தேசிக்காய் நசுங்கியிருந்ததைக் கடைக்கார அக்கா பெரிதுபடுத்தவில்லை.

திரும்பும்போது கடல் உண்மையாகவே ஆடியது. பார்சலைப் பிரித்தவன் சுதர்சன் மட்டும். பாதிக் கடலில் குகன் அண்ணை என்னைப் பார்த்து, "அட்டை மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது.

"பன்னிரண்டு திரையிலை எத்தினை ஜூன் முடிவுக்குள்ளை உண்மையா முடியும்? எல்லாரும் எழுதுங்கோ. நானும் எழுதுறன். கௌசி எண்ணினாப் பிறகுதான் திருப்புறது."

மடியில் வைத்துக் கையால் மறைத்து எழுதினோம். பேனை ஒன்றுதான், கைமாறி வந்தது. நான் மூன்றுவரை எண்ணினேன். ஐந்து, ஐந்து, நான்கு, ஆறு, ஐந்து. என்னுடையது ஐந்து. குகன் அண்ணையின் அட்டையில் ஏழு.

சுதர்சன் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான். "அண்ணை, நீங்களே பன்னிரண்டை நம்பேல்லையோ?"

"நீங்கள் எல்லாரும் ஓம் எண்டனீங்கள்" என்றார் அவர். "அதாலை நம்பினனான்."

கரை வந்து, ஊர்காவற்றுறையில் ஜெனிற்றாவை இறக்கி, அவள் வீட்டில் தேநீர் குடித்தபோதுதான் எந்தத் திரைகள் என்ற பேச்சு வந்தது. அவளுடைய அம்மா கொண்டுவந்த கதிரைகள் போதாமல் பாதிப்பேர் நின்றுகொண்டே பட்டியல் போட்டோம். எழுதியது நான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். எட்டு மணிப் படகைத் தவறவிடாதீர்கள். துறையில் அரை மணித்தியாலம் முந்தி நில்லுங்கள். படகிலிருந்து இறங்கும்போதே திரும்பும் நேரத்தை ஓட்டியிடம் உறுதிப்படுத்துங்கள், அதுவும் மாறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் கழிக்க வசதியாக முழு நாள் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை நல்லது. குதிரைதான் முக்கியம் என்றால் இறங்கியவுடன் அங்கே போங்கள், மற்றதெல்லாம் துறைக்குக் கிட்டத்தான். நேரம் மிஞ்சினால் அதே குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடம், படகும் அடிக்கடி உண்டு. விளையாட்டு நடத்துகிறவர்கள் பாரமான பந்து கொண்டுபோங்கள். ஆளுக்கு ஒரு பேனை கொண்டுபோங்கள். ஊகம் கேட்கும்போது வாயால் கேட்காதீர்கள், எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மூத்தவர் சொன்ன எண்ணுக்கு மேலே இன்னோர் எண் சொல்வது மரியாதைக்குறைவு என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அட்டைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

திங்கட்கிழமை 9.30க்கு வாடிக்கையாளர் திரையில் வந்தார். ஜூன் முடிவில் பன்னிரண்டு வராது, ஐந்துதான் வரும், ஆனால் அந்த ஐந்தும் அப்படியே பாவிக்கலாம் என்று குகன் அண்ணை சொன்னார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. இணையம் அறுந்துவிட்டதோ என்று சுதர்சன் கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"எந்த ஐந்து?" என்று வாடிக்கையாளர் கேட்டார்.

குகன் அண்ணை கணினியை என் பக்கம் திருப்பினார். நான் பட்டியலை வாசித்தேன். நோயாளி பதிவு, நேரம் ஒதுக்குதல், இரத்து செய்தல், நினைவூட்டல், வைத்தியரின் நாட்குறிப்பு. ஒன்றரை நிமிடம் பிடித்தது. இதை வைத்து இரண்டு வைத்தியசாலைகளில் தொடங்கலாம் என்றார் அவர். பிறகு, ஆறாவது திரை எப்போது வரும் என்று கேட்டார்.

குகன் அண்ணை எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து ஆளுக்கோர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தோம்.